பற்று, வரவு, மின்னல்

அச்சகத்தில் கோர்த்து முடித்த பக்கம் சிதறினால் எப்படியிருக்கும் என்பதைச் சிறு வயதில் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். என் தந்தை கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளை அறை அறையாகத் தேடி எடுத்து, இடக்கையில் பிடித்த ஸ்டிக்கில் வரியாக அடுக்கி, வரிகளைப் பக்கமாக்கி, அந்தப் பக்கத்தை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து முடுக்கியிருந்தார். ட்ரெடில் மெஷினை நோக்கித் தூக்கிக்கொண்டு போகும்போது முடுக்கு விட்டுப்போய், ஒரு மூலை சரிந்து, அரை நாள் வேலை தரையில் ஈயக் குவியலாகக் கிடந்தது. அவர் யாரையும் ஏசவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து, எழுத்துகளைப் பொறுக்கி, ககரத்தைக் ககர அறையிலும் ணகரத்தை ணகர அறையிலும் போட்டுவிட்டு, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடியும் கோர்க்கத் தொடங்கினார். அன்று அவர் வீடு திரும்பியது நள்ளிரவுக்குப் பிறகு.

பல ஆண்டுகள் கழித்து, பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் வேலைக்கு வந்த பின், பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் தன்வரலாற்றைப் படித்தபோது அதே காட்சி எதிரே வந்து நின்றது. 1728ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து அச்சகம் தொடங்கிய அவர், குவேக்கர் சமயத்தாரின் வரலாற்று நூல் ஒன்றை அச்சிட ஒப்புக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு தாள் என்ற கணக்கில் கோர்த்து வந்தார். மறுநாள் வேலைக்காக எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டு முடிக்கும்போது இரவு பதினொரு மணியாகிவிடும். ஒருநாள் இரவு எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் ஒரு சட்டம் உடைந்து இரண்டு பக்கங்கள் கலைந்துபோயின. அவர் அப்போதே எழுத்துகளைப் பிரித்துப் போட்டு, இரண்டு பக்கங்களையும் திரும்பக் கோர்த்துவிட்டுத்தான் படுக்கச் சென்றார்.

பட்டம் விட்டு மின்னலைப் பிடித்தவர் என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்லும் ஒற்றை வரியைப் படிக்கும்போதெல்லாம் இந்த அச்சகத்து இரவுதான் என் நினைவுக்கு வருகிறது. ஃபிராங்க்ளினின் அறிவியல் ஏதோ ஒரு மழைநாளில் வானத்திலிருந்து இறங்கி வந்ததன்று என்பதும், கலைந்ததைப் பிரித்து அடுக்கும் கம்பாசிட்டரின் கையிலிருந்தும் பற்று வரவு எழுதும் கடைக்காரரின் பேரேட்டிலிருந்தும் அது வந்தது என்பதும் பல ஆண்டுப் படிப்புக்குப் பிறகு நான் அடைந்திருக்கும் எண்ணம். அவருடைய அரசியல் வாழ்வின் உயர்வுக்கும் சில கசப்புகளுக்கும்கூட இதே பழக்கம் காரணமாக இருந்தது என்று தோன்றுகிறது.

அவர் பிறந்தது 1706 ஜனவரி 17ஆம் நாள், பாஸ்டன் நகரில். தந்தை ஜோசையா, கொழுப்பை உருக்கி மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவர். இரண்டு மனைவியரிடம் அவருக்குப் பிறந்த பதினேழு பிள்ளைகளில் பெஞ்சமின் பதினைந்தாவது. பள்ளிக்குச் சென்றது இரண்டே ஆண்டுகள். எழுத்து நன்றாக வந்தது, கணக்கில் தோற்றார். பத்து வயதில் படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தையின் கடையில் திரி வெட்டும் வேலைக்கு வந்தார். பன்னிரண்டாம் வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார்.

எழுதப் பழகுவதற்கு அவர் கண்ட வழியைத்தான் நான் மாணவர்களிடம் அதிகம் சொல்லியிருக்கிறேன். லண்டனிலிருந்து வந்த ஸ்பெக்டேட்டர் இதழின் ஒரு தொகுதி அவர் கையில் கிடைத்தது. அதன் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிவைத்து, சில நாள்கள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் தன் சொற்களில் கட்டுரையைத் திரும்ப எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்துவார். சொல்வளம் போதவில்லை என்று தெரிந்ததும் அதே கட்டுரையைச் செய்யுளாக்கி, செய்யுளை மறந்த பிறகு மீண்டும் உரைநடையாக்குவார். சில வேளைகளில் குறிப்புகளை வேண்டுமென்றே ஒன்றோடொன்று கலைத்துப் போட்டுவிட்டு, சில வாரங்கள் கழித்து அவற்றைச் சரியான வரிசைக்குக் கொண்டுவர முயல்வார். பகலெல்லாம் எழுத்துகளைக் கோர்த்துப் பிரிக்கும் ஒரு சிறுவனுக்குத்தான் இந்த முறை இயல்பாகத் தோன்றியிருக்க முடியும். பள்ளியில் தோற்ற கணக்கை, பதினாறு வயது வாக்கில் காக்கர் என்பவரின் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு யாருடைய துணையுமின்றி முடித்தார். அந்த நாள்களில் இறைச்சியை விட்டுவிட்டதால் சாப்பாட்டுச் செலவில் மிச்சம் பிடிக்க முடிந்தது. அந்தப் பணம் முழுவதும் புத்தகத்துக்குப் போனது.

அண்ணனோடு ஒத்துப்போகாமல் 1723இல் வீட்டைவிட்டு ஓடி, கையில் ஒரு டச்சு டாலரும் கொஞ்சம் செப்புக் காசுகளுமாகப் பிலடெல்பியாவின் மார்க்கெட் தெருத் துறையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 17. அதற்கடுத்த இருபத்தைந்து ஆண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். லண்டனில் சில காலம் அச்சுத் தொழிலாளியாக இருந்து திரும்பினார். 1727இல் கைவினைஞர்களும் வணிகர்களுமான நண்பர்களைச் சேர்த்து ஜுண்டோ என்ற விவாதக் குழுவை அமைத்தார். 1731இல் சந்தா கட்டிப் புத்தகம் எடுக்கும் நூலகத்தையும் 1736இல் தீயணைப்புக் குழுவையும் தொடங்கினார். பென்சில்வேனியா கெஜட் என்ற வாரச் செய்தித்தாளும், ஆண்டுதோறும் வெளிவந்த பஞ்சாங்கமும் அவருக்கு நல்ல வருவாயைத் தந்தன. 1748இல், 42ஆம் வயதில், அச்சகத்தைக் கூட்டாளி டேவிட் ஹாலிடம் ஒப்படைத்து, பதினெட்டு ஆண்டுகளுக்கு இலாபத்தில் பாதி தனக்கு என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டு தொழிலிலிருந்து விலகினார். அந்தப் பாதி இலாபம்தான் அவருக்கு ஆராய்ச்சிக்கான ஓய்வைக் கொடுத்தது.

மின்சாரம் அவரிடம் வந்தது அதற்குச் சற்று முன்னர். பீட்டர் காலின்சன் என்ற லண்டன் வணிகர், பிலடெல்பியா நூலகத்துக்குப் புத்தகங்களோடு ஒரு கண்ணாடிக் குழாயையும், அதைத் தேய்த்து மின்பொறி உண்டாக்குவது எப்படி என்ற குறிப்பையும் அனுப்பிவைத்தார். வெள்ளிக் கொல்லரான பிலிப் சிங், எபனேசர் கின்னர்ஸ்லி, தாமஸ் ஹாப்கின்சன் ஆகிய நண்பர்களோடு ஃபிராங்க்ளின் சோதனைகளில் இறங்கினார். ஐரோப்பாவில் அப்போது செல்வாக்கோடு இருந்த கருத்து, கண்ணாடியில் பிறப்பது ஒருவகை மின்சாரம், பிசினில் பிறப்பது வேறொரு வகை என்பது.

1747 மே மாதம் காலின்சனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் விவரிக்கும் சோதனையை வகுப்பில் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறேன். இருவர், மின் தரைக்கு இறங்காதபடி, மெழுகுப் பலகைகளின்மேல் நிற்கிறார்கள். முதலாமவர் கண்ணாடிக் குழாயைத் தேய்க்கிறார். இரண்டாமவர் அந்தக் குழாயிலிருந்து மின்னை வாங்கிக்கொள்கிறார். தரையில் நிற்கும் மூன்றாமவர் விரலை நீட்டினால் அந்த இருவரிடமிருந்தும் பொறி பறக்கிறது. ஆனால் மெழுகில் நிற்கும் இருவரும் ஒருவரையொருவர் தொட்டால், மூன்றாமவரைத் தொடும்போது வருவதைவிட வலிய பொறி எழுகிறது. அதற்குப் பிறகு இருவரிடமும் ஒன்றுமில்லை. இதற்கு ஃபிராங்க்ளின் சொன்ன விளக்கம் ஒரு கடைக்காரர் சொல்லக்கூடியது. எல்லாரிடமும் முதலில் ஒரே அளவு மின்பொருள் இருக்கிறது. தேய்த்தவர் தன் பங்கிலிருந்து குழாய்க்குக் கொடுத்தார். ஆகவே அவரிடம் குறைவு. வாங்கியவரிடம் மிகுதி. தரையில் நிற்பவர் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் அவரோடு நிகழும் கொடுக்கல் வாங்கல் சிறியது. குறைந்தவருக்கும் மிகுந்தவருக்கும் இடையில் நிகழ்வது பெரியது. புதிதாக எதுவும் பிறக்கவில்லை, எதுவும் அழியவுமில்லை, கை மட்டுமே மாறியிருக்கிறது. மிகுந்தவரைக் கூட்டல் என்றும் குறைந்தவரைக் கழித்தல் என்றும் சொல்வோம் என்று எழுதினார். இன்று நம் பிள்ளைகள் நேர்மின்னூட்டம், எதிர்மின்னூட்டம் என்று படிப்பதெல்லாம் அந்தக் கடிதத்திலிருந்து வந்தது.

மின்னைச் சேர்த்து வைக்கும் கண்ணாடிப் பாத்திரமான லெய்டன் சாடியை அவர் ஆராய்ந்த விதமும் இதுவே. ஐரோப்பியப் பேராசிரியர்களைத் தூக்கியடித்த அந்தச் சாடியில் மின்சாரம் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று எல்லாரும் எண்ணியிருந்தபோது, மின்னேற்றிய சாடிக்கும் ஏற்றாத சாடிக்கும் மொத்த இருப்பில் வேறுபாடே இல்லை என்றார் ஃபிராங்க்ளின். உட்புறத்தில் எவ்வளவு மிகுந்ததோ, வெளிப்புறத்தில் அவ்வளவே குறைந்திருக்கிறது. ஐந்தொகை போட்டால் கணக்கு நேராகிவிடும். பிறகு பதினொரு சன்னல் கண்ணாடிகளின் இருபுறமும் ஈயத் தகடுகளைப் பொருத்தி அடுக்கி, பீரங்கி வரிசையைக் குறிக்கும் பேட்டரி என்ற சொல்லை அதற்குப் பெயராக வைத்தார். ஈயத் தகட்டைக் கையில் எடுக்கும்போது அந்த அச்சுத் தொழிலாளிக்கு அது எவ்வளவு பழகிய பொருளாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எது கூட்டல், எது கழித்தல் என்று தீர்மானிக்க அவரிடம் எந்த வழியும் இருக்கவில்லை. ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டபோது, கம்பியில் உண்மையில் ஓடுவது கழித்தல் குறியுடையது என்று தெரியவந்தது. மின்னோட்டம் ஒரு திசையில், எலக்ட்ரான் எதிர்த்திசையில் என்று பதினோராம் வகுப்பில் சொல்லும்போது ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவி ஏன் இப்படி என்று கேட்பாள். அவளிடம் இந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிடுவேன். குறி மாறிப்போனாலும் கணக்கு தவறவில்லை. மின்னூட்டம் அழிவதில்லை என்ற விதியில் இன்றுவரை ஒரு காசுகூடக் குறையவில்லை.

1749 நவம்பர் 7ஆம் நாள் தன் குறிப்பேட்டில் மின்பொறிக்கும் மின்னலுக்கும் உள்ள ஒற்றுமைகளைப் பட்டியலிட்டார்: ஒளி, ஒளியின் நிறம், வளைந்து செல்லும் பாதை, வேகம், உலோகத்தில் பாய்வது, வெடியோசை, உயிரைக் கொல்வது, உலோகத்தை உருக்குவது, கந்தக நாற்றம் முதலாகப் பன்னிரண்டு. கூர்முனைகள் மின்பொருளை இழுக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். மின்னலுக்கும் அந்தக் குணம் உண்டா என்பது தெரியாது. மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போவதால் இதிலும் ஒத்துப்போகலாம் அல்லவா என்று எழுதி, சோதனை செய்து பார்க்கப்படட்டும் என்று முடித்தார்.

சோதனையை முதலில் செய்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். காலின்சன் 1751இல் லண்டனில் நூலாக வெளியிடச் செய்த ஃபிராங்க்ளினின் கடிதங்களைப் படித்து, தாமஸ் ஃபிரான்சுவா தாலிபார் என்பவர் பாரிஸுக்கு அருகில் மார்லி என்ற சிற்றூரில் நாற்பது அடி இரும்புக் கம்பியை நட்டார். 1752 மே 10 அன்று இடிமுகில் வந்தபோது தாலிபார் ஊரில் இல்லை; காவலுக்கு வைத்திருந்த முன்னாள் படைவீரர்தான் கம்பியிலிருந்து பொறியை வாங்கினார், பிறகு ஊர்ப் பாதிரியார் ஓடிவந்து தொடர்ந்தார். கடல் கடந்து இந்தச் செய்தி வருவதற்கு முன்னரே, ஜூன் மாதத்தில், ஃபிராங்க்ளின் தன் மகன் வில்லியமோடு பட்டம் விட்டார் என்பது மரபாக ஏற்கப்பட்ட வரலாறு.

படங்களில் காட்டுவதுபோல வில்லியம் சிறு பையனல்லர். இருபது கடந்த இளைஞர். மின்னல் பட்டத்தின்மேல் விழவும் இல்லை. விழுந்திருந்தால் இருவரும் இறந்திருப்பார்கள். பட்டுத் துணியால் செய்த பட்டம், உச்சியில் கூரிய கம்பி, சணல் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு சாவி, சாவியிலிருந்து கைக்கு உலர்ந்த பட்டு நாடா. நாடா நனையாமலிருக்க ஒரு கூரைக்கடியில் நின்றார்கள். முதல் மேகம் ஒன்றும் செய்யாமல் கடந்துபோனது. பிறகு சணல் கயிற்றின் தளர்ந்த இழைகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு விறைத்து நிற்பதை அவர் கவனித்தார். விரல் முட்டியைச் சாவிக்கு அருகில் கொண்டுசென்றார், பொறி பறந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது பொறியன்று, அந்த இழைகள்தான். அவை விறைப்பதைக் கண்ட கண்தான் இங்கே அறிவியல். இந்தச் சோதனையின் அபாயம் மறுஆண்டே தெரிந்தது: செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ரிக்மன் என்ற இயற்பியலாளர் தன் வீட்டுக்குள் இறக்கிய கம்பியருகே நின்று மின்னலை அளக்க முயன்றபோது உயிரிழந்தார்.

இடிதாங்கி என்று தமிழில் அழகாகப் பெயரிட்டிருக்கிறோம். உண்மையில் அந்தக் கம்பி தாங்குவதில்லை, தரைக்குக் கடத்திவிடுகிறது. 1753ஆம் ஆண்டுக்கான தன் பஞ்சாங்கத்தில், வீட்டின்மேல் அதை எப்படி நிறுத்துவது என்பதை எவரும் செய்துகொள்ளும்படி ஃபிராங்க்ளின் அச்சிட்டுக் கொடுத்தார், காப்புரிமை பெறவில்லை. அதற்கு முன் அவர் உருவாக்கிய கணப்படுப்புக்கும் இதே கதைதான். பென்சில்வேனிய ஆளுநர் தனியுரிமை வழங்க முன்வந்தபோது அவர் மறுத்தார். பிறருடைய கண்டுபிடிப்புகளால் நாம் பெரும் நன்மை பெறுவதால், நம் கண்டுபிடிப்பால் பிறருக்கு உதவும் வாய்ப்பு கிடைத்தால் மகிழ வேண்டும், அதைத் தாராளமாகச் செய்ய வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். லண்டனில் இரும்புப் பொருள் வணிகர் ஒருவர் அடுப்பில் சிறு மாற்றம் செய்து காப்புரிமை வாங்கிப் பணம் பார்த்தார். ஒவ்வொரு காசையும் எழுதிவைத்த மனிதர் இந்தக் கணக்கை மட்டும் எழுதாமல் விட்டார் என்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

தன் வீட்டுக் கூரையிலிருந்து இறங்கிய கம்பியின் இடையில் இரண்டு மணிகளைத் தொங்கவிட்டிருந்தார். மின்னேறிய மேகம் வந்தால் அவை தாமே ஒலிக்கும். அவர் லண்டனுக்குப் போன பின், மனைவி டெபோரா அந்த மணியோசைக்கு அஞ்சினார். ஒரு மணிக்கும் மற்றொன்றுக்கும் இடையில் ஒரு கம்பித் துண்டைக் கட்டிவிடு, ஓசையில்லாமல் போய்விடும் என்று 1758இல் பதில் எழுதினார். சரியான இயற்பியல்தான். ஆனால் இடி முழங்கும் இரவில் அந்த வீட்டில் அவர் இல்லை. 1764இல் மறுபடி கப்பலேறியவர், 1774 டிசம்பரில் டெபோரா இறக்கும்வரை பத்தாண்டுகள் திரும்பவே இல்லை.

1753இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்லி பதக்கம் வழங்கியது. அதே ஆண்டில் ஹார்வர்டும் யேலும் கௌரவ முதுகலைப் பட்டம் கொடுத்தன. யேல் கல்லூரியின் பெயருக்குரிய எலைஹு யேல், 1687 முதல் 1692 வரை நம் சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்து செல்வம் சேர்த்தவர் என்பதை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. இரண்டே ஆண்டுகள் பள்ளி சென்ற சோப்பு வியாபாரி மகனின் பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டம் வந்து சேர்ந்தது.

அவருடைய ஆராய்ச்சிகளில் நானே செய்து பார்த்தது ஒன்று உண்டு. 1757இல் லண்டன் செல்லும் வழியில், தொண்ணூற்றாறு கப்பல்கள் கொண்ட தொகுதியில் இரண்டின் பின்னால் மட்டும் கடல் அலையின்றி வழவழப்பாக இருப்பதைக் கண்டு மாலுமியரின் தலைவரிடம் காரணம் கேட்டார். சமையற்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்குள்ள தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள் என்று, இதுகூடத் தெரியாதா என்ற தொனியில் பதில் வந்தது. அதை மனத்தில் வைத்திருந்தவர், பின்னர் லண்டனை அடுத்த கிளாப்பம் திடலின் குளத்தில் சோதித்தார். முதலில் அலை மிகுந்த கரையில் எண்ணெய் ஊற்ற, காற்று அதைத் திரும்பக் கரைக்கே தள்ளிவிட்டது. காற்று புறப்படும் கரைக்குப் போய் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றினார். அது வியக்கும்படி பரவி, அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடிபோல் ஆக்கியது. 1774இல் இதை ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார்.

கண்மாய் நிரம்பிய ஓர் ஆண்டில், தை மாதத்து வாடைக் காற்றில், மேல்நிலை வகுப்பு மாணவியர் சிலரோடு எங்கள் ஊர்க் கண்மாயின் வடகரையில் நின்று ஒரு கரண்டி விளக்கெண்ணெயை ஊற்றினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கரையோரம் ஒரு பாய் அளவுக்குச் சிற்றலைகள் அடங்கின. அந்த அமைதி தெற்கே நகர்ந்து, விரிந்து, ஆம்பல் இலைகளைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. சுற்றிலும் நீர் சிலிர்த்துக்கொண்டிருக்க, நடுவில் வானம் அப்படியே தெரிந்தது. ஒரு கரண்டி எண்ணெய்க்கு இவ்வளவு தூரமா என்று மாணவி ஒருத்தி மெல்லிய குரலில் சொன்னாள்.

வகுப்புக்குத் திரும்பிக் கணக்கிட்டோம். அரை ஏக்கர் என்பது ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். தேக்கரண்டி எண்ணெயை 2 மில்லி லிட்டரிலிருந்து 5 மில்லி லிட்டர் வரை என்று கொண்டால், படலத்தின் தடிமன் 1 முதல் 2.5 நானோமீட்டர் வரும். அது ஒரு மூலக்கூறின் நீளம். ஃபிராங்க்ளின் அந்த வகுத்தலைச் செய்யவில்லை. செய்திருந்தால், மூலக்கூறு என்ற ஒன்று உண்டா என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாத காலத்தில் அதன் அளவு அவர் கையில் இருந்திருக்கும். நூறாண்டுகளுக்கு மேல் கழித்து, 1890இல், ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு அத்தகைய அளவீட்டைச் செய்தார். அடுத்த ஆண்டே, பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வழியில்லாத ஆக்னஸ் போக்கெல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண், சமையலறைத் தொட்டி நீரில் தான் செய்த சோதனைகளை ரேலிக்குக் கடிதமாக எழுத, அவர் அதை நேச்சர் இதழில் வெளிவரச் செய்தார். தானே கற்றவர் ஒருவர் விட்ட இடத்தைத் தானே கற்ற மற்றொருவர் தொட்டதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நான் முடிப்பதில்லை.

எவரிடம் கேட்டுக் கற்பது என்பதில் அவர் குலமும் படிப்பும் பார்க்கவில்லை. அஞ்சல் துறையின் துணைத் தலைவராக இருந்தபோது, இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வரும் அஞ்சல் கப்பல்கள் வணிகக் கப்பல்களைவிட இரண்டு வாரம் தாமதமாக வருவதாக ஒரு முறையீடு அவரிடம் வந்தது. நான்டக்கெட் தீவைச் சேர்ந்த திமிங்கல வேட்டைக் கப்பல் தலைவரும் தன் உறவினருமான திமொத்தி ஃபோல்ஜரிடம் கேட்டார். திமிங்கலங்கள் அட்லாண்டிக் கடலில் ஓடும் கல்ஃப் நீரோட்டத்தின் ஓரங்களில் மேய்வதால் அதன் எல்லை எங்களுக்குத் தெரியும். அஞ்சல் கப்பல்காரர்கள் நீரோட்டத்தை எதிர்த்தே வருகிறார்கள். சொன்னாலும் சாதாரண அமெரிக்க மீனவர் பேச்சைக் கேட்பதில்லை என்றார் ஃபோல்ஜர். ஃபிராங்க்ளின் அவரையே வரையச் செய்து அந்த வரைபடத்தை அச்சிட்டார். பிரிட்டிஷ் கப்பல் தலைவர்கள் அதையும் பொருட்படுத்தவில்லை.

அவர் அரசியலில் வென்றது இதே கேட்கும் பழக்கத்தால்தான். 1766 பிப்ரவரியில், அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது விதிக்கப்பட்ட முத்திரைத்தாள் வரி பற்றிப் பிரிட்டிஷ் மக்களவை அவரை நிறுத்தி 174 கேள்விகள் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாக, விவரத்தோடு பதில் சொன்னார். அடுத்த மாதம் அந்த வரி நீக்கப்பட்டது. 1774 ஜனவரியில் அதே லண்டனில் அரசு வழக்கறிஞர் வெடர்பர்ன், பிறருடைய கடிதங்களை வெளிவரச் செய்ததற்காக, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவரைத் திருடன் என்று இகழ்ந்தபோது, 68 வயதான அவர் முகத்தில் ஓர் அசைவுமின்றி நின்றார். வென்றெடுக்க எண்ணிய பேரரசிடம் அன்று அவர் மனம் விட்டுப்போனது என்று நான் நினைக்கிறேன். 1776 இறுதியில், விடுதலை அறிவித்த அமெரிக்காவின் தூதராகப் பாரிஸ் சென்றார். அங்கே அவருக்குக் கதவு திறந்தது மின்னல்தான். அரசவையிலும் அங்காடியிலும் இடிதாங்கிக்காரர் என்றே அவரை அறிந்திருந்தார்கள். 1778 பிப்ரவரி 6இல் கையெழுத்தான பிரெஞ்சு உடன்படிக்கை இல்லாமல் அமெரிக்க விடுதலைப் போர் வென்றிருக்குமா என்பது ஐயம்தான்.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1779 மார்ச்சில், அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்கு அவர் ஒரு கடிதம் அனுப்பினார்: கடலாய்வுக்குச் சென்ற பிரிட்டிஷ் கேப்டன் குக்கின் கப்பல் எதிர்ப்பட்டால் பகைவர் கப்பலாகக் கருதிப் பிடிக்க வேண்டாம், அறிவை வளர்க்கச் சென்றவர்களுக்கு வேண்டிய உதவி செய்யுங்கள் என்று. குக் அதற்கு முந்தைய மாதமே ஹவாயில் கொல்லப்பட்டுவிட்டார் என்பது அப்போது ஐரோப்பாவில் எவருக்கும் தெரியாது.

1784இல், உடலில் காந்த ஆற்றலைப் பாய்ச்சி நோய் தீர்ப்பதாகச் சொன்ன மெஸ்மர் என்ற மருத்துவரின் விலங்குக் காந்த சிகிச்சையை ஆராயப் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார்; வேதியியலாளர் லவாய்சியரும் அதில் இருந்தார். பாஸி என்ற இடத்தில் ஃபிராங்க்ளின் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்குக் காந்தமேற்றிவிட்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துச் சென்றார்கள். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். காந்தமேற்றிய மரம் அங்கிருந்து தள்ளி நின்றது. இன்று மருந்துகளைச் சோதிக்கும் முறையின் முன்னோடி அந்தத் தோட்டத்தில் இருக்கிறது.

அவரைப் பற்றி எழுதும்போது மறைக்கக் கூடாத பக்கங்களும் உண்டு. அவருடைய செய்தித்தாள் அடிமைகளை விற்கும் விளம்பரங்களை வெளியிட்டு வருவாய் ஈட்டியது. அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 1790 பிப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனுவில் கையெழுத்திட்டார். முன்பு சேர்த்த வருவாயை அது திருப்பித் தந்துவிடாது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அம்மை குத்திக்கொள்ளும் முறையை ஆதரித்து எழுதியவர், தன் நான்கு வயது மகன் ஃபிரான்சிஸுக்குக் குத்தாமல் விட்டு 1736இல் அவனைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தார். அந்த வருத்தத்தைத் தன்வரலாற்றில் வெளிப்படையாக எழுதி, மற்ற பெற்றோரை எச்சரித்தார்.

பட்டத்தின் நூலைத் தன்னோடு பிடித்த வில்லியம், நியூஜெர்சியின் அரச ஆளுநராகி, போரில் பிரிட்டன் பக்கம் நின்றார். அதைத் தந்தை மன்னிக்கவே இல்லை. 1785 ஜூலையில், நாடு திரும்பும் வழியில், சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இருவரும் கடைசியாகச் சந்தித்தார்கள். மகன் தனக்குத் தர வேண்டிய பழைய கடன்களைக் கழித்துக்கொண்டு, அமெரிக்காவில் அவருக்கிருந்த நிலங்களை எழுதி வாங்கினார் ஃபிராங்க்ளின். பற்று வரவு சரியாக இருந்தது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு கப்பலேறினார். வயது 79. சிறுநீர்ப்பைக் கல்லின் வலியால் வண்டியில் போவதும் அவருக்கு முடியாத காலம் அது. தன்வரலாற்றை எழுதி முடிக்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தியிருந்தார்கள். அவரோ அதை எடுக்காமல், கப்பல் அமைப்பு, பாய், நங்கூரம், நீரோட்டம் ஆகியவற்றைப் பற்றி நீண்ட கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டும், நாள்தோறும் வெப்பமானியைக் கடலில் இறக்கிக்கொண்டும் வந்தார். கல்ஃப் நீரோட்டத்துக்குள் நீர் சூடாகவும் வெளியே குளிர்ந்தும் இருப்பதை 1775இலும் 1776இலும் அளந்தவர், இப்போது ஆழத்தை அறிய விரும்பினார். தக்கையிட்ட வெற்றுப் போத்தலைக் கயிற்றில் கட்டி 20 பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) இறக்கினார்கள். வெறுமையாகவே மேலே வந்தது. மறுபடி 35 பாகம் இறக்க, நீரின் அழுத்தத்தில் தக்கை உள்ளே போய்ப் போத்தல் நிரம்பி வந்தது. அந்த நீர் மேல்நீரைவிட ஆறு பாகை குளிர்ந்திருந்தது. மறுநாள், இருபுறமும் வால்வு பொருத்திய ஒரு சிறிய பீப்பாயை இறக்கினார்கள். சில நாள்களில், செப்டம்பர் 14 அன்று, கப்பல் பிலடெல்பியாவை அடைந்தது. 1723இல் செப்புக் காசுகளோடு இறங்கிய அதே மார்க்கெட் தெருத் துறையில் அவர் இறங்கினார்.